மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன், மன்னா!

ஒரு பட்டா மாறுதலுக்காக ஆறு முறை நடந்திருக்கிறேன். ஆறு முறையும் ஒரே பதில்: "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், மேலிடத்துல சொன்னாத்தான்." அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு இங்கிலாந்து வரலாற்றைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நாடாளுமன்ற ஜனநாயகத்தின் அஸ்திவாரத்தில் கிடக்கும் கற்களில் இந்தப் பதிலும் ஒன்று என்று. 1642 ஜனவரி 4 அன்று வில்லியம் லெந்தால் என்ற சபாநாயகர், முழங்கால் போட்டுக்கொண்டு, ராஜாவிடமே இதைச் சொன்னார்.

ராஜா, முதலாம் சார்லஸ். பேச்சு கொஞ்சம் திக்கும். ஆனால் ஒரே ஓர் எண்ணம் மட்டும் திக்காமல் ஓடியது: தன்னை அரியணையில் வைத்தவர் கடவுள், கணக்குக் கேட்கும் உரிமையும் அவருக்கே. கடவுள் எல்லாம் கொடுத்தார், கஜானாவுக்குப் பணம் மட்டும் கொடுக்கவில்லை. பணத்துக்கு நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் அந்த ஆட்கள் பணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள்.

1629 மார்ச்சில் சபையை ஒத்திவைக்கச் சொல்லி அரண்மனையிலிருந்து ஆணை வந்தது. சபாநாயகர் ஃபின்ச் நாற்காலியை விட்டு எழுந்தால் கூட்டம் முடிந்துவிடும். எழுந்தால்தானே? டென்சில் ஹோல்ஸ் ஒரு பக்கம், பெஞ்சமின் வேலன்டைன் மறுபக்கம், இருவரும் அவரை அமுக்கி உட்கார வைத்துவிட்டார்கள். ஃபின்ச் அழுதார். கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெளியே ராஜாவின் ஆள் தட்டத் தட்ட, உள்ளே தீர்மானம் போட்டார்கள்: மன்றம் சம்மதிக்காத சுங்க வரியைக் கட்டுகிறவன் நாட்டுக்கு எதிரி. வரி விதிக்கும் அதிகாரம் மக்கள் சபைக்கே என்று இன்றைக்கு மாணவர்கள் நெட்டுருப் போடுகிறார்களே, அந்தக் கோட்பாட்டுக்காக ஒரு சபாநாயகர் கண்ணீர்விட்ட கதை இது.

சார்லஸ் நாடாளுமன்றத்தையே மூட்டை கட்டினார். 11 வருஷம் தனிக் குடித்தனம். செலவுக்குக் கப்பல் வரி. கடலோர ஊர்கள் போர்க்காலத்தில் கட்டிவந்ததை, அமைதிக் காலத்திலும், கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களிடமும் கேட்டார். பக்கிங்ஹாம்ஷயர் பண்ணையார் ஜான் ஹேம்டன் தன் பங்கான 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம், 5 பேர் ஹேம்டன் பக்கம். தோற்றவர்தான் ஊருக்கெல்லாம் ஹீரோ. அப்புறம் ராஜா ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் புதிய பிரார்த்தனைப் புத்தகம் கொடுக்கப் போனார், அவர்கள் பதிலுக்குப் போர் கொடுத்தார்கள், போருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1640இல் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார். வந்து உட்கார்ந்தவர்கள் 11 வருஷக் கோபத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

இனி ஜனவரி 4. பிம், ஹேம்டன், ஹோல்ஸ் (அதே அமுக்கிய கை), ஹேசல்ரிக், ஸ்ட்ரோட் ஆகிய ஐந்து உறுப்பினர்கள்மீது ராஜா தேசத் துரோகக் குற்றம் சாட்டியிருந்தார். சபை ஆட்களை ஒப்படைக்கவில்லை. சரி, நானே போய்ப் பிடிக்கிறேன் என்று சுமார் 400 ஆயுதக்காரர்களோடு கிளம்பினார். ஒரு ராஜா லண்டன் தெரு வழியாக 400 பேரோடு வருவது ரகசியமாகவா இருக்கும்? ஐவரும் பின்பக்கமாக இறங்கித் தேம்ஸ் நதியில் படகேறினார்கள். ஸ்ட்ரோட் மட்டும் முரண்டு பிடித்தார். இருந்து பார்த்துவிடுகிறேன் என்றாராம். மேலங்கியைப் பிடித்து இழுத்துப்போனார்கள்.

சார்லஸ் உள்ளே வந்தார். ஆட்கள் வெளியே நின்றார்கள், ஆனால் கதவைச் சாத்தவில்லை; துப்பாக்கிகளோடு விளையாடிக்கொண்டு நிற்பவர்களை உறுப்பினர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று. ராஜா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராகச் சபாநாயகரிடம் போய், உம்முடைய நாற்காலி கொஞ்சம் கடனாக வேண்டும் என்றார். மரியாதையில் குறைவில்லை. பிம் இருக்கிறாரா? பதில் இல்லை. ஹோல்ஸ்? மூச்சில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எடுப்பதுபோல ஒவ்வொரு முகமாகத் தேடினார். கடைசியில் லெந்தாலிடம் திரும்பினார்.

லெந்தால் வீரர் அல்ல, வக்கீல். நடுங்கியிருப்பார். மண்டியிட்டார். இந்த இடத்தில் சபை கட்டளையிட்டபடியன்றிப் பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அதாவது, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், மேலிடத்துல சொன்னாத்தான்." ஒரே வித்தியாசம், மேலிடம் மாறிவிட்டது. அதுவரை சபாநாயகருக்கு மேலிடம் அரண்மனை. அன்றைக்கு எதிரே பெஞ்சில் வாயடைத்து உட்கார்ந்திருந்த கூட்டம்தான் மேலிடம். இதைப் பெரிய புரட்சி என்று லெந்தாலே நினைத்திருக்க மாட்டார். அந்த நிமிஷத்தைத் தாண்ட அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பறவைகள் பறந்துவிட்டன என்று முனகிவிட்டு ராஜா திரும்பினார். பின்னாலிருந்து "உரிமை! உரிமை!" என்று கத்தினார்கள். ஆறே நாளில் சார்லஸ் லண்டனைவிட்டு வெளியேறினார். மறுநாளே ஐவரும் படகுகள் புடைசூழ வந்து இறங்கினார்கள். பிறகு ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். ராஜா மறுபடி லண்டனுக்கு வந்தது கைதியாக. 1649 ஜனவரி 30 அன்று தலை போயிற்று. குளிரில் நடுங்கினால் பயம் என்று நினைத்துவிடுவார்கள் என்று அன்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டாராம்.

அன்றிலிருந்து சபை நடக்கும்போது எந்த ராஜாவும் ராணியும் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. கூட்டத்தொடர் திறப்பு விழாவுக்கு உறுப்பினர்களை அழைக்க 'பிளாக் ராட்' என்ற அரச தூதர் வருவார். அவர் முகத்திலேயே கதவை அறைந்து சாத்துவார்கள். மூன்று முறை தட்டினால்தான் திறக்கும். அரசர் போன இடத்திலிருந்து பத்திரமாகத் திரும்பும்வரை ஓர் எம்.பி. பக்கிங்ஹாம் அரண்மனையில் பிணையாக இருப்பார். அவருக்கு அங்கே நல்ல உபசாரம் என்று கேள்வி. புதிய சபாநாயகரை நாற்காலிவரை இழுத்துப்போக வேண்டும். அவரும் காசியாத்திரை கிளம்பிய மாப்பிள்ளை மாதிரிப் பிகு பண்ணுவார். தாமஸ் மோர் உட்பட, முன்னாள் சபாநாயகர்கள் சிலர் வெட்டுக் கட்டையில் தலைவைத்தவர்கள் என்பதால் பிகுவுக்குக் காரணம் உண்டு. நம் மக்களவையில் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் புதிய சபாநாயகரை அழைத்துப்போய் அமரவைக்கிறார்களே, அதில் இழுப்பு போய் நடை மட்டும் மிஞ்சியிருக்கிறது. உறுப்பினர் சபையில் பேசிய பேச்சுக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று நம் அரசியல் சாசனத்தின் 105ஆம் பிரிவு சொல்வதும் அந்த ஊர்ச் சீதனம்தான்.

லெந்தாலோடு இத்தோடு நிறுத்திக்கொண்டால் அவருக்குச் சிலை வைக்கலாம். ஆனால் மனிதர் இன்னும் 20 வருஷம் இருந்தார். 1653இல் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் சிப்பாய்களைக் கூட்டிவந்து சபையைக் கலைத்தபோது நாற்காலியைவிட்டு இறங்க மறுத்தார்; கிராம்வெல்லின் படை அதிகாரி ஹாரிசன் கைகொடுத்து இறக்கினார். அடுத்த வருஷம் அதே கிராம்வெல் கூட்டிய சபைக்கு அதே லெந்தால் சபாநாயகர். 1660இல் ராஜாவின் மகன் முடிசூட வந்தார். தந்தையின் மரண தண்டனை ஆணையில் கையெழுத்திட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் ஸ்காட். ராஜாவுக்குத் தண்டனை விதித்தவன் நான் என்று என் கல்லறையில் எழுதுங்கள் என்று அவர் சபையில் பெருமையடித்தார் எனக் குற்றச்சாட்டு. சபையில் பேசியதை இங்கே இழுக்கக் கூடாது, அது மன்றத்தின் உரிமை என்றார் ஸ்காட். நீதிமன்றம் கேட்கவில்லை. அவர் அப்படிப் பேசியதைத் தன் காதால் கேட்டதாகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர், வில்லியம் லெந்தால். இப்போது கண்ணும் இருந்தது, நாக்கும் இருந்தது.

ஸ்காட்டைக் கொன்றார்கள். லெந்தால் 1662இல் படுக்கையில் செத்தார். தன் கல்லறையில் பட்டம் பதவி எதுவும் வேண்டாம், லத்தீனில் இரண்டே வார்த்தை போதும் என்று சொல்லிவைத்திருந்தார்: நான் புழு.