இடது கைச் சாவி

1984இல் ஷ்டுட்கார்ட்டுக்குப் படிக்கப் போன புதிதில், எதிர்வீட்டுப் பெரியவரின் போர்ஷே 911ஐ நான் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால்தான் அறிந்தேன். குளிர்கால விடியலில் வண்டியின் பின்பக்க மூடிக்குள் ஆறு சிலிண்டர்களும் கரகரத்து விழிக்கும். அவற்றைக் குளிர்விக்கும் பெரிய விசிறியின் சீறலும் சேர்ந்துகொள்ளும். நான் போர்வையை உதறிவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். உங்களுக்கும் அப்படி ஒரு சத்தம் இருந்திருக்கும்: தெருமுனை திரும்பும்போதே இன்னார் வருகிறார் என்று சொல்லவைத்த ஒரு புல்லட்டோ, அப்பாவின் பழைய ஸ்கூட்டரோ.

1971ஆம் வருடத்து வண்டி அது. 2.2 லிட்டர், 125 குதிரைத்திறன். என் ஆசையைப் புரிந்துகொண்ட பெரியவர் முதலில் கற்றுத்தந்தது ஓட்டுவதை அல்ல, ஆயில் பார்ப்பதை. மற்ற வண்டிகளில் என்ஜினை அணைத்துவிட்டுப் பார்ப்போம்; இதில் என்ஜின் நன்றாகச் சூடேறி, சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஹீட்டருக்கு இருக்கைகளின் நடுவே ஒரு நெம்புகோல். அதைத் தூக்கினால், புகைக்குழாயின் சூட்டை வாங்கிய காற்று லேசான எண்ணெய் மணத்தோடு வரும். அந்த மணம் இன்றும் எனக்குப் பனிக்காலம்தான். என்ஜினின் பாரமெல்லாம் பின்னால் இருப்பதால், வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வீசிவிடும் என்றும், பயத்தை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்றும் அவர் சொன்னதை, வண்டியைத் தாண்டியும் பல இடங்களில் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1997இல் தண்ணீரால் குளிரும் 911 வந்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, கடுமையாகிவிட்ட சத்த, புகை விதிகள். காற்று மட்டும் இனிப் போதாது என்ற நியாயம் புத்திக்குப் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை. அதன் முகப்பு விளக்குகளை ஜெர்மானியர்கள் பொரித்த முட்டை என்றார்கள். எனக்கு அது நம்மூர் ஆஃப்பாயில். 1998இல் கடைசி ஏர்கூல்டு 911 தயாரானபோது, வீட்டில் ஒரு பெரியவரை இழந்ததுபோல் இருந்தது.

அதே 1998ஆம் வருடத்து ஆஃப்பாயில் வண்டி ஒன்றைத்தான் என் மகள் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்திருக்கிறாள். 3.4 லிட்டர், 300 குதிரைத்திறன். ஆயில் அளவை மீட்டரே சொல்கிறது, மணமில்லாத வெதுவெதுப்பு பொத்தானில் வருகிறது, கருங்காட்டு மலைச்சாலையில் மழை கொட்டியபோதும் வால் அசையாமல் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதுகுக்குப் பின்னால் தணிந்து ஒலித்தாலும், அதே குடும்பத்துக் குரல். ஐந்து வட்ட மீட்டர்களின் நடுவே ரெவ் மீட்டர், ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் சாவித்துளை, எல்லாம் பெரியவர் வண்டியில் இருந்தபடியே. முப்பது வயதானால் ஜெர்மனியில் பழம்பெரும் வண்டிக்கான 'ஹெச்' நம்பர் பலகை கிடைக்கும். 2028இல் இதற்கும் அந்த வயது.

"அப்பா, 2024இல் வந்த 911ஐப் பார்த்தீர்களா? திருகுவதற்கு ஒன்றுமில்லை, வெறும் பொத்தான். முள் மீட்டரும் போய்த் திரை வந்துவிட்டது" என்றாள் அன்று. 1997இல் நான் பேசிய அதே குரல். தேற்றவில்லை, தேற்றினால் எனக்கும் அன்று பிடித்திருக்காது. அவள் இடது கையால் சாவியைத் திருகினாள். இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.