குலவைக்கு வாய் மட்டும் அசையுது

கோயில் கொடை வீடியோவைப் பாத்தேன் மருமவனே. என்ன படம், என்ன படம்! கோயிலுக்கு மேல ட்ரோன் சுத்துது. அம்மன் மூக்குத்தி மின்னுது. வில்லுப்பாட்டுக்கார அம்மா வீசுகோலைத் தூக்கினா நெத்தி வேர்வை வரைக்கும் தெரியுது. சத்தத்துல மட்டும் அந்த அம்மா ஒத்தையில உக்காந்து பாடுதா. குடம் எங்க, உடுக்கை எங்க, பின்பாட்டு எங்கன்னு கேக்கக் கூடாது. அதெல்லாம் படத்துல இருக்குல்லா, அது போதாதா?

‘மிக்சர்ல இருந்து நேரா லைன் எடுத்தேன் மாமா, சுத்தமான சத்தம்’னு சொல்லுத. சுத்தந்தான், நான் இல்லைங்கலையே. மொத்தமாத் தொடச்சு எடுத்த சுத்தம்.

மைக்செட்டுக்காரன் வேலை என்ன? பந்தல்ல எது கேக்கலையோ அதைத் தூக்கிக் குடுக்கது. நையாண்டி மேளத்துல தவுல்காரர் ஒரு தட்டு தட்டினா தெருக்கோடி நாய் எந்திரிச்சு ஓடும். அதுக்கு எதுக்கு மைக்குன்னு அமுக்கிப் போடுவான். நாயனத்துக்கும் அதே கதிதான். தொண்டை ஒண்ணுதான் மெலிசு, அதனால அதைத் தூக்குவான். பந்தல்ல உக்காந்திருக்கவனுக்குக் காத்து வழியா வர்ற தவுலும் பாக்ஸ் வழியா வர்ற பாட்டும் காதுக்குள்ள வந்து கலந்து சரியாப் போயிரும். நீ எடுத்த லைனுக்குள்ள காத்து வழியா வந்தது எப்படி வரும்? பந்தியில குழம்புக்கு உப்பு பத்தலைன்னு தூவினதை மட்டும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனவன் கதையால்லா இருக்கு.

போதாக்குறைக்கு, கதை சூடு பிடிக்கிற நேரத்துல மைக் கூவிச்சு. மைக்செட்டுக்காரன் பட்டுன்னு இறக்கினான். வீடியோவுலயும் இறங்கிட்டு. நம்ம ஊர்ல மைக் கூவினதுக்குத் துபாய்ல உக்காந்து பாக்க நம்ம பயலுக்கு எதுக்குப்பா தண்டனை?

இதுக்கு வழி இல்லாம இல்லை. மிக்சர்ல அவன் தள்ளுற ஃபேடருக்கு முன்னாலயே சத்தத்தைப் பிரிச்சு எடுத்துட்டா அவன் ஏத்தினாலும் இறக்கினாலும் உன்னைத் தொடாது. மைக்செட்டுக்காரங்க எக்ஸ் 32னு ஒரு டிஜிட்டல் மிக்சர் வச்சிருக்காங்கள்லா, அதுல தனித்தனியாக் கலந்து வெளிய அனுப்ப 16 பஸ் இருக்கு. பவ்யமாக் கேட்டா உனக்குன்னு ரெண்டை ஒதுக்கித் தருவான். பந்தலுக்கு வேண்டாம்னாலும் வீடியோவுக்காகத் தவுல், குடம், உடுக்கை எல்லாத்துக்கும் மைக் வச்சே ஆகணும், அதை மறந்துராத. அதே மிக்சர்ல லேப்டாப்பைச் சொருகினா 32 சேனலும் தனித்தனியாப் பதிவாகும். வீட்டுல ஆற அமர உக்காந்து கலந்துக்கிடலாம். ஆனா நீ ஆறவும் மாட்ட, அமரவும் மாட்ட. ‘நேரலை’னு போட்டாத்தானே உனக்குத் தூக்கம் வரும்!

நேரலைன்னா அதுக்குன்னு ஒரு ஆள் ஹெட்போன் மாட்டி, வேனுக்குள்ளயோ பக்கத்து வீட்டு மச்சுலயோ தனியா உக்காரணும். பாக்ஸுக்குப் பக்கத்துல உக்காந்தா நெஞ்சுல மோதுறது எது, ஹெட்போன்ல வர்றது எதுன்னு எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. 1969ல அமெரிக்காக்காரன் வுட்ஸ்டாக்னு ஒரு கொடை நடத்தினான். லட்சக்கணக்குல கூட்டம். கூட்டத்துக்குச் சத்தம் குடுத்தது பில் ஹான்லி. பாட்டைப் பதிவு பண்ணினது எடி கிராமர், மேடைக்குப் பின்னால ஒரு டிரெய்லருக்குள்ள உக்காந்துக்கிட்டு. ஆளும் வேற, இடமும் வேற. அதெல்லாம் நடந்து அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நீ ஒரு ஒயரைச் சொருகிட்டு டீ குடிக்கப் போயிட்ட. முன்னேத்தந்தான்.

சரி, ஊரை எங்க ஒளிச்சு வச்ச? சாமி வந்து ஆடுது, சுத்தி நின்ன பொம்பளைங்க அத்தனை பேரும் குலவை போடுதாங்க. வீடியோவுல வாய் மட்டும் அசையுது. பாட்டு மைக்குக்குக் கூட்டம் கேக்காது மருமவனே. மேடை ஓரத்துல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, சனங்களைப் பாக்க ரெண்டு மைக் வையி. அதைப் பாக்ஸுல விட்டுராத, மறுபடி கூவும். வீடியோவுக்கு மட்டும் குடு. தூரத்துல மிக்சர் பந்தல்ல வச்சியோ, தொலைஞ்ச. சத்தம் வினாடிக்கு 340 மீட்டர்தான் ஓடும். 34 மீட்டர் தள்ளி வச்சா வினாடியில பத்துல ஒரு பங்கு பிந்தி வந்து சேரும். வினாடிக்கு 25 படம்னா ரெண்டரைப் படம் பிந்திப் போச்சு. ஒரு குடம் ரெண்டு குடமாக் கேக்கும். வேற இடமே இல்லைன்னா லேப்டாப்புல அந்தச் சத்தத்தை முன்னால இழுத்து ஒட்டிக்கிடு.

கேமராவையும் கொஞ்சம் திருப்பிப் பாரு. லைனைக் கொண்டுபோயி மைக் ஓட்டையில சொருகினா கரகரன்னுதான் வரும். ‘லைன்’னு மாத்தணும். சத்தத்தைத் தானா ஏத்தி இறக்குற ஆட்டோவையும் அணைச்சிரு. அணைக்காததுனாலதான், வில்லுப்பாட்டுக்கார அம்மா கதை சொல்லி மூச்சு விடுற இடத்துல எல்லாம் ஜெனரேட்டர் பொங்கிப் பொங்கி எந்திரிச்சு வருது. ஊர்ல ஒருத்தன் அதையும் பின்னணி இசைன்னு பாராட்டுதான், அவனுக்கு வணக்கம் வச்சிரு.

கடைசியா செல்போன்ல போட்டுக் கேளு. குடத்தோட ‘கும்’மு அந்தக் குட்டி ஸ்பீக்கருக்குள்ள நுழையாது. பட்டை படுற ‘டப்’பைக் கொஞ்சம் தூக்கினாத்தான் குடம் இருக்கதே தெரியும். மொத்தச் சத்தத்தையும் எகிற வச்சு ஏத்தினா சனம் மிரளும்னு நினைக்காத. சத்தத்தை அளக்குற கணக்குல மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவைத் தாண்டினா யூடியூப்பே காதைப் பிடிச்சு இறக்கிவிட்டுரும்.

இதெல்லாம் கமிட்டியில சொன்னா ‘அதான் மைக்செட் இருக்கே, இன்னொரு ஆள் எதுக்கு’ம்பாங்க. ட்ரோனுக்கு மட்டும் யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. வர்ற கொடைக்கு முன்பணம் வாங்குறப்பவே பேசிரு. பந்தலுக்கு ஒரு ஆள், வீடியோவுக்கு ஒரு ஆள். காசு இல்லைன்னா ட்ரோனை நிப்பாட்டச் சொல்லு. உச்சந்தலைக்கு மேல இருந்து தரிசனம் குடுன்னு அம்மன்கிட்ட இந்த ஊர்ல யாரும் நேந்துக்கிட்டது இல்லை.