டாக்சி நிற்கவில்லை

கேள்வி: முதலில் தேவை சோறா, மரியாதையா? அரசியல் தத்துவம் என்ன சொல்கிறது?

பதில்: அமெரிக்கத் தத்துவ அறிஞர் நான்சி ஃபிரேசர் ஓர் ஆளைக் காட்டுகிறார். வால் ஸ்ட்ரீட் வங்கிக்காரர், கறுப்பினத்தவர். பை நிறையப் பணம், ஆனால் கை காட்டினால் டாக்சி நிற்காது. சம்பளத்தை இரட்டிப்பாக்கினாலும் நிற்காது! இன்னொருவர் வெள்ளைக்காரத் தொழிலாளி. கம்பெனிகள் இணைந்ததில் ஆலை மூடி, வேலை போனது. அவருக்கு டாக்சி உடனே நிற்கும்; ஏறத்தான் காசில்லை. ஆக, இரண்டும் வேண்டும் என்கிறார் ஃபிரேசர். ஜெர்மனியின் ஆக்சல் ஹானத்தோ, கூலிச் சண்டையே அடியில் மரியாதைச் சண்டைதான் என்கிறார். 2003-இல் இருவரும் சேர்ந்து போட்ட புத்தகம் முழுக்க இந்த மல்லுக்கட்டுதான். நான் ஃபிரேசர் கட்சி. சம்பள உயர்வு கேட்டால் ‘சிறந்த ஊழியர்’ சான்றிதழ் நீட்டும் முதலாளிகளுக்கு ஹானத் ரொம்ப வசதியாகப் போய்விடுவார்.