மூன்று மாத நிரந்தரம்
ஒப்பந்தப் பொறியாளருக்கும் அவரை அமர்த்துவோருக்கும் சில நல்ல யோசனைகள்

சிங்கப்பூரின் செங்காங்கில் குடியிருந்துகொண்டு சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கிக்கு வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் பொறியாளரே, முதலில் நீங்கள் யாருடைய ஆள் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலை வாங்குவது வங்கி. சம்பளம் போடுவது ஏஜென்சி. ஊரில் இருக்கவிடுவது மனிதவள அமைச்சு. சம்பளத்தில் இழுபறி என்றால் வங்கி ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சி வங்கியைக் கைகாட்டும். அமைச்சுக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது நுழைவட்டையில் உள்ள படம்தான்.

வேலை தேடும் படலம் போனில் தொடங்கும். "சார், உங்க புரொஃபைலுக்குன்னே வந்த ரோல். நாளைக்கே ஜாயின் பண்ண முடியுமா?" என்பார் ஏஜென்சிக்காரர். முடியும் என்று சொல்லுங்கள். அதன்பின் மூன்று வாரம் ஆள் அகப்பட மாட்டார். அதற்குள் அதே வங்கி, அதே மாடி, அதே வேலைக்கு வேறு நான்கு பேர் அழைத்து, உங்களுக்கென்றே வந்த ரோல் என்பார்கள். எல்லோருக்கும் ரெஸ்யூமே அனுப்பிவிடாதீர்கள். ஒரே ஆள் ஐந்து வழியாக வந்தால் தலைவலி வேண்டாமென்று வங்கி ஐந்தையும் தள்ளிவிடும். 'ப்ராசசிங்' என்று எவராவது பணம் கேட்டால், ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது என்று சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள். ஆள் மறுபடி அகப்பட மாட்டார்.

அடுத்தது பரீட்சை. 2023 செப்டம்பரிலிருந்து புதிதாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்பவர் 'காம்பஸ்' மதிப்பெண் முறையில் தேற வேண்டும். (செங்காங்வாசிக்கு இந்தப் பெயர் புதிதல்ல. எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி காம்பஸ் ஒன், எல்ஆர்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் காம்பஸ்வேல்.) அதற்கு முன் சம்பளமே வாசற்படி தாண்ட வேண்டும்: 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200, வயது ஏற ஏற அதுவும் ஏறும். பிறகு தேர்ச்சிக்கு 40. சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எத்தனை நாட்டவர், எத்தனை உள்ளூர்க்காரர் என்று நான்கு பாடம். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 20.

மூன்றாம் பாடத்தில்தான் நம்மவர்கள் கோட்டைவிடுகிறார்கள். நிறுவனத்தின் நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் உங்கள் நாட்டவர் கால் பங்கோ அதற்கு மேலோ இருந்தால் பூஜ்யம். ஐந்து சதவீதத்துக்குக் கீழ் என்றால் 20. கணக்கில் எடுப்பது நீங்கள் உட்காரும் வங்கியை அல்ல, பாஸ் எடுத்துத்தரும் ஏஜென்சியை. கோயம்புத்தூர், விஜயவாடா, புனே என்று நிரம்பியிருக்கும் ஏஜென்சியில் உங்களுக்கு இடம்பிடித்துக் கொடுத்த காலேஜ் சீனியர் அண்ணனும் அந்தக் கால் பங்கில் ஒருவர்தான். அண்ணனைக் கோபிக்க வேண்டாம். ஐஸ்லாந்துக்காரர்களே வேலைசெய்யும் ஏஜென்சி ஒன்றைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மாதம் 22,500 வெள்ளி சம்பளம் கேளுங்கள். அந்தத் தொகைக்குப் பரீட்சையே கிடையாது.

இனி அமர்த்துவோருக்கு.

பாஸுக்கு விண்ணப்பிக்குமுன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் 14 நாள் விளம்பரம் வர வேண்டும். உள்ளூர்க்காரருக்கும் நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பதற்காக வந்த விதி. மனதில் ஏற்கெனவே இருக்கும் ஆளின் ரெஸ்யூமேயை எதிரே விரித்துவைத்து, அதைப் பார்த்தே தகுதிகளை எழுதுங்கள். ஜாவா, காஃப்கா, 2014இல் கைவிடப்பட்ட ஒரு மென்பொருளில் எட்டாண்டு அனுபவம், அசைவம் சாப்பிடாதவராக இருந்தால் நலம். முன்கூட்டியே ஆளை முடிவுசெய்வது கூடாது என்றுதான் விதி சொல்கிறது. உங்களுக்கென்ன, விளம்பரம் போட்டாயிற்றே.

வந்து சேர்ந்தவருக்கு வேறு நிறத்தில் கழுத்துப்பட்டை கொடுங்கள். மின்னஞ்சலில் பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்டர்னல்' என்று ஒட்டுங்கள். ஆண்டுவிருந்துக்கு அழைக்காதீர்கள். அன்று இரவு சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? விடியற்காலை இரண்டு மணிக்குப் பணப்பரிமாற்றம் நின்றுபோனால் மட்டும் "நாமெல்லாம் ஒரே டீம்" என்று போன் செய்யுங்கள்.

ஒப்பந்தப் புதுப்பிப்பில்தான் மேலாளரின் திறமை தெரியும். கடைசி வாரம் வரை வாயைத் திறக்கக் கூடாது. அவராக வந்து கேட்டால், "அப்ரூவல் போயிட்டிருக்கு தம்பி, நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று தோளில் தட்டுங்கள். கடைசி நாள் மாலை மூன்று மாதம் நீட்டிப்பு கொடுங்கள். ஆறு ஆண்டாக மூன்று மூன்று மாதமாக நிரந்தரமாக இருப்பவர்கள் இந்தத் தீவில் உண்டு. அவர் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையோ ஆறு மாதத்துக்குக் குறைத்து வாடகைக்கு விடக் கூடாது. ஆக வீட்டுக்காரர் அவரை நம்பும் காலத்தில் பாதிதான் நீங்கள் நம்புகிறீர்கள். ஒப்பந்தத்தின் அந்தக் கடைசி வாரத்தில் அவர் ரிவர்வேல் கிரசென்ட் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டோடு நிற்பார். நட்சத்திரத்தோடு வெளிநாட்டவர் அடையாள எண்ணான ஃபின்னையும் சொல்லிவிடுவது நல்லது, முருகனுக்குக் கோப்பைத் தேடச் சுலபம்.

உள்ளூர் ஒப்பந்த ஊழியரிடம் வேறு உத்தி. 14 நாளோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தத்தை ஒரு மாதத்துக்குள் புதுப்பித்தால், சேவையைத் தொடர்ச்சியாகக் கொண்டு விடுப்பு கணக்கிட வேண்டும் என்கிறது முத்தரப்பு வழிகாட்டி. ஆகவே ஒரு மாதமும் ஒரு வாரமும் கழித்துக் கூப்பிடுங்கள். வருடக்கணக்கில் உழைத்தவர் மறுபடி புதுமுகம்.

ஒருநாள் நீட்டிப்பு வராது. அப்போது வெளிநாட்டுப் பொறியாளர் நாட்களை எண்ணத் தெரிந்துகொள்ள வேண்டும். வரி பாக்கி தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்க வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை, அதில் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அதற்கு முன்பே வரவேண்டிய சம்பளமோ, எடுக்காத விடுப்புக்கான பணமோ நின்றிருந்தால் கதை வேறு. சர்ச்சைத் தீர்வுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் முறையிட, கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. பாஸ் ரத்தானபின் ஊரில் தங்கப் பொதுவாகக் கிடைப்பது 30 நாள். வேலையில் இருக்கும்போதே முறையிட்டால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓராண்டு வரை இடமுண்டு. ஆகவே பொறியாளரே, சம்பளச் சீட்டுகளையும் ஒப்பந்தப் பிரதியையும் இன்றே ஏஜென்சியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.