உறங்காத ஊழியனுக்கு ஒரு வாழ்த்து

பைதனில் நாலு வரி எழுதி மெய்நிகர் இயந்திரம் பிறப்பிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் புல்மோட்டைப் பக்கம் வந்தால் மாலை போட்டு அழைத்துவர வேண்டும். எங்கள் ஊரில் எதையும் தொடங்குவது லேசில்லை. கரையில் சும்மா கிடக்கிற இல்மனைட் மணலை அள்ளக்கூட 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று அமைக்க வேண்டியிருந்தது. பிறகு ஆலை, தண்ணீர், கப்பல். அமேசனின் கிளவுட்டில் அந்தப் பாடெல்லாம் இல்லை. 'போட்டோ3' நூலகத்தை அழைத்து 'ரன் இன்ஸ்டன்ஸஸ்' என்றால் போதும், மும்பையில் ஒரு கணினி உங்களுக்காகக் கண் விழிக்கும். அமேசன் ஆற்று ஓங்கிலின் பெயரைத்தான் அந்த நூலகத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பெயர். ஓங்கில் மனிதரோடு சிநேகமானது என்பதும், வலையில் பட்ட மீனைத் தின்றுவிட்டுப் போகும் என்பதும் எங்கள் மீனவர்களுக்குத் தெரியும்.

அதன் மரியாதையைச் சொல்லி முடியாது. குறைந்தது எத்தனை, கூடியது எத்தனை என்று இரண்டையும் கேட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கை தவறி இரண்டிலும் ஒரு பூச்சியம் கூட விழுந்துவிட்டதா? "ஏன் தம்பி இவ்வளவு?" என்று கேட்டு உங்கள் மனதைப் புண்படுத்தாது, கணக்கின் வரம்புக்குள் அடங்கினால் பத்தையும் பெற்றுத் தரும். சுறுசுறுப்போ இன்னும் மேல். உள்ளே லினக்ஸ் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே 'ஓடுகிறது' என்று அறிவித்துவிடும். வாடகையும் அந்தக் கணத்திலேயே, விநாடிக் கணக்கில். இப்படியொரு நேர்மையை எந்தக் கடையில் காண முடியும்?

அடக்கமும் உண்டு. பாடத்தில் இருந்த மாதிரி நிரலை அப்படியே ஒட்டிய பொடியனுக்கு இயந்திரம் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் பிறந்திருக்கும். அவன் மும்பைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பான், வெறுமையாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வட்டாரத்தை மட்டும் காட்டுகிற பக்கம் அது. வேர்ஜினியாவில் இருப்பது தானாக வந்து தன்னைக் காட்டிக்கொண்டு தற்பெருமை பேசாது. மாத முடிவில் பட்டியல்தான் அதன் இருப்பிடத்தைச் சொல்லும்.

ஆனால் இதன் விசுவாசத்தை முழுதாக உணர 2022 வர வேண்டியிருந்தது. அந்த மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எங்கள் வீட்டு விசிறி நின்றது, ரவுட்டர் நின்றது, மடிக்கணினியும் நின்றது. மும்பையில் இருந்தது நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லும் கட்டளையை அனுப்ப வழியில்லாமல் நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருக்க, அது எங்களுக்காக, எந்த வேலையும் இல்லாமலே, உழைத்துக்கொண்டிருந்தது. மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கிளவுட் நிறுவனம் அதற்காக டொலரில் ஒரு சதம்கூட ஏற்றவில்லை, பெருந்தன்மை. எங்கள் மணல் வெளிநாடு போய் வெள்ளைப் பெயின்ற் ஆகிறது, டொலர் நாட்டுக்கு வருகிறது. வந்த டொலருக்கும் வெளியே போய்வர ஒரு வழி வேண்டாமா?

'ஸ்டொப்' சொன்னால் உடனே கீழ்ப்படியும். வாடகை நிற்கும், வட்டின் வாடகை நிற்காது. நிலையாக ஒதுக்கி வாங்கிய பொது முகவரி இருந்தால் அதற்கும் மணிக்கு அரைச் சதம் ஓடும். அந்த இயந்திரத்தைத் தேடி யாரும் வரப்போவதில்லை, என்றாலும் விலாசம் இல்லாத வாழ்வு ஒரு வாழ்வா?

'டெர்மினேட்' என்றால்தான் அது உண்மையில் சாகும். அப்போதும் பிற்பாடு நீங்கள் வாங்கி இணைத்த வட்டைத் தன்னோடு கொண்டுபோகாது. உங்கள் உழைப்பு அதற்குள் இருக்கலாம் என்ற கரிசனை. அந்தக் கரிசனைக்கு மாதாமாதம் வாப்பாவின் கடனட்டையில் ஒரு சின்னத் தொகை போகும். யாராவது பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற வரை.