பிரம்மா லாக்கப்பில் இருந்தபோது

பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவின் தலையில் குட்டி, உள்ளே தள்ளினான் முருகன். எஃப்.ஐ.ஆர். கிடையாது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவும் இல்லை. வெளியே எடுக்கச் சிவபெருமானே நேரில் வர வேண்டியதாயிற்று. விடுதலையான பிரம்மா திருத்தணிக்கு வந்து, குட்டியவனையே கும்பிட்டாராம். அவர் பெயரில் சுனைகூட இருக்கிறது. லாக்கப் வசதி பற்றிப் புகார் எழுதிக் கொடுத்ததாகத் தலபுராணத்தில் இல்லை. (விவரமானவர்.)

நம் காலத்தில் லாக்கப் வசதிக்கு நிதி என்றால் முதலில் கேமராதான். ஸ்டேஷன்தோறும், லாக்கப்புக்குள்ளும், இருட்டிலும் தெரிகிற மாதிரி, பேச்சும் கேட்கிற மாதிரி வையுங்கள், பதிவை 18 மாதம் காப்பாற்றுங்கள் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில், தந்தையும் மகனும் போலீஸாரால் தாக்கப்பட்டு இறந்த வழக்கின் சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. டிஸ்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள் என்று, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை எழுதினார். இதை நிதிப் பற்றாக்குறைக் கணக்கில் எழுத வழியில்லை.

திருத்தணிக்குப் பக்கத்துப் பொன்பாடி சோதனைச் சாவடியில் சிக்குகிறவர், முடிந்தால் முருகனின் ஆடிக் கிருத்திகைத் திருவிழா பார்த்துச் சிக்குவது உத்தமம். அன்றைக்குக் கூட்டத்தைக் கண்காணிக்கத் திருத்தணியில் எல்லாக் கேமராவும் வேலை செய்யும்.