துவரம்பருப்பு மூட்டையும் ஒரு நேர்காணலும்

என் சித்தப்பாவுக்கு மதுரை கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை. ஆள் எடுக்கும் நாளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். படித்தவன் ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வருகிறவன் சம்பளத்தைக் குறைத்துக் கேட்பான் என்பது அவர் கணக்கு.

வியாபாரப் புத்தியைக் கண்டுபிடிக்கப் பெரிய கம்பெனிகளில் பேனாவை நீட்டி, “இதை என்கிட்ட வித்துக் காட்டு” என்பார்களாம். சித்தப்பாவுக்கு அதில் மதிப்பில்லை. வாய் உள்ளவன் எதையும் விற்பான், லாபத்துக்கு விற்பானா? பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் எடுபிடி வேலை பார்த்து, அடுத்தாள், மேலாள் என்று ஏறித்தான் ஏஜெண்டாக முடியும். ஆளை எடைபோட அவர்களுக்கு வருஷக்கணக்கில் அவகாசம். சித்தப்பாவுக்கு இருப்பது ஒரு டீ ஆறும் நேரம்.

முதலில் வந்தவன் பி.பி.ஏ. “வாடிக்கையாளர்தான் சார் தெய்வம்” என்றான்.

“தெய்வம் கடன் சொன்னா?”

பையன் தன் பயோடேட்டாவைப் புரட்டிப் பார்த்தான்.

அடுத்தவன் லாரி ஷெட்டில் இருந்தவன். சித்தப்பா மூட்டையைக் காட்டி, “இந்தத் துவரம்பருப்பை என்ன விலைக்குக் குடுப்ப?” என்றார்.

“அடக்கம் என்ன மொதலாளி?”

“ஆறாயிரம்,” என்றார் கூசாமல். அடக்க விலையை அவர் சித்தியிடமே சொன்னதில்லை. மூட்டை மேல் குறியாகத்தான் எழுதியிருக்கும். எழுத்து எதுவும் திரும்ப வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்று. ஒன்று முதல் சைபர் வரை எழுத்துக்கு ஓர் எண். பழைய கடைகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் அந்தத் தொடர் எது என்பது பரம்பரை ரகசியம்.

பையன் மூட்டையைக் குனிந்து பார்த்தான். “நாலு எழுத்து இருக்கு. முதல் ரெண்டும் ஒண்ணு, கடைசி ரெண்டும் ஒண்ணு. மார்க்கெட்ல அம்பது கிலோ ஐயாயிரத்துச் சொச்சம் போகுது. அப்ப 5,500தானே மொதலாளி?”

சித்தப்பா முகத்தில் பேரன் பிறந்த பூரிப்பும் கல்லா களவுபோன கலக்கமும் ஒன்றாக வந்தன. அவன் கேட்ட சம்பளத்துக்கு மேல் ஐந்நூறு போட்டு, மறுநாளே வரச் சொன்னார்.

அன்றிரவு ஷட்டரை இறக்கிவிட்டு, எல்லா மூட்டைகளிலும் புதுக் குறி எழுதும் வேலை எனக்கு. மார்க்கர் பேனாவை வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

“கூலி என்னன்னு கேட்டியாடா?” என்றார் சித்தப்பா.

“இல்லையே.”

“அதான் உன்னைக் கடைக்கு எடுக்கல. எழுது.”